முள் எடுத்த கை

கெண்டை மீனுக்கு ருசி அதிகம், முள்ளும் அதிகம். அதனால் பாதிப் பேர் அதன் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. ஆனால் ஏரிக்கரையில் எங்கள் கடைக்கு அந்த மீனுக்காகவே மெனக்கெட்டு வந்தார்கள். காரணம் என் கை. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தாளில் நான் என்ன வேலை செய்பவன் என்று ஒரு வரி வேண்டுமே என்று சொல்கிறேன்.

தம்பி பிடிப்பான், நான் சமைப்பேன். கடையில் எங்கள் இருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. காலையில் அவன் படகிலிருந்து கூடையை இறக்கியதும் மீனைத் தலையில் ஒரு தட்டுத் தட்டி, செவுளைக் கீறி, ரத்தம் போக விடுவேன். வாலிலிருந்து தலையை நோக்கிச் செதில் உரிப்பேன். செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கினால் முதுகெலும்பு தட்டும். அங்கே கத்தியைத் திருப்பி, எலும்பை உரசியபடியே வால் வரைக்கும் இழுத்தால் சதை முழுப் பாளமாகக் கையோடு வந்துவிடும். விலா முள்ளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சின்னக் கிண்ணத்தில் போடுவேன்.

அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கெண்டையின் சதைக்குள்ளேயே கவட்டை போலப் பிரிந்த பொடி முட்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்க முடியாது. தோல் கீழே இருக்கும்படி பாளத்தை வைத்து, ஓர் அரிசி அகலத்துக்கு ஒரு வெட்டாக, தோல் அறுபடாமல் குறுக்கே வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் முள் நறுக்கென்று அறுபடுவது காதில் விழும். பிறகு உப்பு, மிளகுத்தூள், மேலே லேசாக மாவு, நன்றாகக் காய்ந்த எண்ணெய். அறுபட்ட முள் துணுக்குகள் பொரிந்து காணாமல் போய்விடும். சாப்பிடுகிறவருக்கு அங்கே முள் இருந்ததே தெரியாது.

இந்த வேலையை நான் கடைக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. தம்பிக்காகக் கற்றுக்கொண்டேன். எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. நான் முதன்முதலில் பொரித்த மீனில் அவனுக்கு முள் குத்தி, இரண்டு நாள் சாப்பிடவே பயந்தான். அன்றைக்குத்தான் கத்தியைக் கையில் எடுத்தேன். அதற்குப் பிறகு அவன் வாயில் முள் படாமல் பார்த்துக்கொண்டேன். அதனால் அவனுக்கு மீன் தின்னவே தெரியாமல் போய்விட்டது. தட்டைப் பார்க்கமாட்டான். பேப்பரைப் பார்த்துக்கொண்டோ, போனைப் பார்த்துக்கொண்டோ வாயில் போடுவான். இரண்டு மெல்லு, மூன்றாவது விழுங்கல். அவன் அப்படி விழுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். நான் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டீர்கள். அதற்கு நேரமில்லை என்பதுதான் உண்மை.

உங்கள் மேஜையில் ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு இருபது வயதில் கப்பலில் வேலைக்கு ஆர்டர் வந்தது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ஒரு முள் தப்பித் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான் சோற்றை உருட்டிக் கொடுத்தேன், அது இன்னும் உள்ளே போய்விட்டது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"முள்ளு குத்தினா சோறு உருட்டிக் குடுக்கவே கூடாது. அது முள்ளை ஆழமா இறக்கும். பக்கத்துலயே பெரிய ரத்தக் குழாய் இருக்கு. அதுல குத்திருந்தா, ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்க முடியாது."

சரி என்று தலையாட்டினேன். தம்பியிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். அதற்குள் கப்பல் போய்விட்டது. அவன் ஏரிக்கே திரும்பினான். அந்த முள் தானாகத் தப்பியதா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். தப்பவில்லை, ஐயா.

பன்னிரண்டு வருஷம் நிம்மதியாகப் போனது. பிறகு அவள் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் கடையில் சாப்பிட வந்தவள்தான். அவளைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கல்யாணமாகி வந்த பிறகும் என்னை மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். சிரித்த முகம், வேலைக்கும் சளைக்காதவள். அவளிடம் ஒரே ஒரு குறைதான். மீனை முள்ளோடு சாப்பிடத் தெரிந்தவள்.

ஒரு தடவை அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள். தம்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான். "அண்ணா, இன்னிக்கு முழு மீனு. நானே முள்ளு எடுத்துச் சாப்ட்டேன். ஒண்ணுகூடக் குத்தல."

சட்டைப் பொத்தானைத் தானே போடக் கற்றுக்கொண்ட குழந்தையின் முகம் அவனுக்கு. முப்பத்திரண்டு வயசு ஆள்.

அவள் பின்னாலேயே வந்து சிரித்தாள். "விரலால ஒரு தடவு தடவிட்டு வாயில போட்டா போதும். இதுகூடத் தெரியாம வளத்திருக்கீங்களே, மாமா."

கேலியாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். உள்ளே போய் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவினேன். வயிறு எரிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மை.

அதற்கப்புறம் அவளுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. அவனும் கூடப் போகிறான் என்றார்கள். அங்கே ஏரி இல்லை. பஸ் டிக்கெட் எடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். "அடிக்கடி வருவோம்ணா" என்றான். போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள். நான் பெட்டி கட்டக் கயிறு வாங்கிக் கொடுத்தேன்.

கிளம்பும் அன்று காலையிலும் அவன் படகை எடுத்துக்கொண்டு போய் ஒரு பெரிய கெண்டையோடு வந்தான். கடைசியாக என் கையால் சாப்பிட வேண்டுமாம். மத்தியானம் பஸ். இப்போதுதான் செத்த மீனின் சதை முள்ளை விடாது, கொஞ்ச நேரம் அப்படியே கிடக்க வேண்டும். அவசரத்தில் ஒரு முள் தங்கிவிட்டது என்று உங்கள் ஆளிடம் முதல் நாள் சொன்னேன். கேட்டவுடன் நம்பினார், பாவம். புது மீன் முள்ளை விடாது என்பது நிஜம். ஆனால் என் கைக்கு எந்த மீனும் விட்டுவிடும்.

அன்று நான் எடுக்காத முள் ஒன்றும் இல்லை. எப்போதையும்விடப் பொறுமையாக எடுத்தேன். வெட்டும்போது ஒரு சத்தம்கூடத் தவறவில்லை. பொரித்து எடுத்து எல்லாம் முடிந்த பிறகு, கிண்ணத்திலிருந்து நல்ல விலா முள்ளாக ஒன்றை இடுக்கியில் எடுத்து, அவனுடைய பாளத்தில் திரும்ப வைத்தேன். ஆழத்தில் வைக்கவில்லை, இதைத் தயவுசெய்து எழுதுங்கள். விரலால் ஒரு தடவு தடவினால் நெருடும், அந்த அளவுக்கு மேலாக வைத்தேன். அவள் சொல்லிக்கொடுத்தபடி தடவிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்திருந்தால் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். கொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் என் கடையில் கத்திக்கா பஞ்சம்?

அவள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் பஸ் எங்கே வருகிறது என்று போனில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். இரண்டு மெல்லு, மூன்றாவது விழுங்கல்.

"அண்ணா, என்னமோ குத்துது."

அவள் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நல்ல யோசனைதான். நான்தான் சின்ன விஷயத்துக்கு ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சோற்றைக் கெட்டியாக உருட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று உருண்டை. மூன்றையும் என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வழிய விழுங்கிவிட்டு, "கொறஞ்ச மாதிரி இருக்குண்ணா" என்றான். எனக்குச் சிரமம் இருக்கக் கூடாதே என்று சொல்லியிருப்பான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படி.

பஸ் போய்விட்டது. வலி போகட்டும், ரெண்டு நாள் கழித்துக் கிளம்பலாம் என்றார்கள். அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்தது. என் கட்டிலில் படுக்கவைத்து ஈரத்துணி போட்டேன். மறுநாள் அவள் இரண்டு தடவை ஆஸ்பத்திரி என்றாள். தொண்டை கீறினால் காய்ச்சல் வரத்தான் செய்யும் என்றேன். தம்பியும் "அண்ணனுக்குத் தெரியும், விடு" என்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வருஷக்கணக்கில் அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் இருமினான். தலையணை முழுக்க ரத்தம். டாக்டர் சொன்ன ரத்தக்குழாய்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஆக, முள்ளை வைத்தது நான். அதை இறக்கியதும் நான். சோற்று உருண்டை என்ன செய்யும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். தம்பியை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் உங்கள் தாளில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். அவன் என்னை விட்டுப் போகத் தீர்மானித்திருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் வீட்டில் மீனைத் தடவித் தடவிச் சாப்பிட்டவன், என் தட்டில் விரலே வைக்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. விட்டுப் போகிறவன் அப்படியா சாப்பிடுவான், ஐயா? நீங்களே சொல்லுங்கள்.