இறங்கும் இடம்

மாலை ஐந்து நாற்பதுக்கு மழை விட்டது. சிமெண்ட் தரையில் தேங்கிய நீரைச் சாக்குப் போட்டு ஒற்றச் சொன்னேன். யாரும் வழுக்கி விழக்கூடாதென்று வெறுங்காலில் நானே நடந்து பார்த்த பிறகுதான் ஆட்டத்தைத் தொடங்கினேன். விசாரணைக் குழு இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கூடைப்பந்தில் தொட்டதெல்லாம் ஃபவுல் ஆகாது. பத்துப் பேர் ஓடும் இடத்தில் உடம்பு உடம்பில் படும். அதனால் ஒருத்திக்குக் கெடுதல் வந்ததா என்று மட்டும் நடுவர் பார்க்க வேண்டும். வராவிட்டால் அதற்குப் பெயர் தற்செயலான தொடுதல். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் ஊதுகிறேன்.

சீர்காழிக் கல்லூரியின் இசைவாணி எகிறிப் பந்தை எறிந்தாள். அவள் இறங்கும் இடத்தில் தஞ்சாவூர் அணியின் அனீஸா காலை வைத்துவிட்டாள். எகிறியவளுக்கு இறங்க இடம் விடவேண்டும் என்பது விதி. இசைவாணி தடுமாறி நின்றாள். அனீஸா நல்ல பெண். தப்பு தன்னுடையது என்று தானே கையைத் தூக்கினாள். நான் ஊதவில்லை. ஆடு என்று சைகை காட்டினேன்.

முதலில் விட்டதைப் பிறகு பிடித்தால் நடுவருக்கு இரண்டு அளவுகோல் என்றாகிவிடும். ஆகவே அனீஸா இரண்டாவது முறை அதேபோல் காலை வைத்தபோதும் விட்டேன். இந்த முறை அனீஸா கையைத் தூக்கவில்லை.

இடைவேளையில் உடன் நடுவர் புகழேந்தி என்னிடம் வந்தான்.

"என்னண்ணே, விசிலை முழுங்கிட்டீங்களா? அந்தப் புள்ள விழுந்து தொலைச்சிரும்ணே."

என் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மூன்றாவது முறை இசைவாணி மல்லாக்க விழுந்தாள். முதுகுத்தண்டு. இனி நடக்க மாட்டாள் என்கிறார்கள்.

மூன்றையும் பார்த்தேன். யாரும் மறைக்கவில்லை. விசில் வாயில்தான் இருந்தது.

இரண்டு வருடம் முன்பு, பயிற்சி முகாமில் பந்து வைக்கும் அறையில் நான் தொட்டதாக இசைவாணி புகார் கொடுத்தாள். இதே குழுதான் விசாரித்தது. தற்செயலான தொடுதல் என்று எழுதினீர்கள். அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தவன் நான். அதன் பிறகு, அவள் உடம்பில் பட்டது ஃபவுல் என்று அவள் முன்னால் என்னால் ஊத முடியவில்லை. மற்றபடி அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நன்றியோடுதான் சொன்னார். இசைவாணி ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மேலே ஃபேனைப் பார்த்தபடி கிடந்தாள்.

"சார், அன்னைக்கு அந்த ரூம் கதவைச் சாத்துனீங்கள்ல, அதுவும் தற்செயலாத்தானா?"