செய்யாதேன்னு சொல்றது

அழிக்காத மகளே, நீ எழுதினது பாதி சரிதான். ரப்பரை வை. நான் மூணாங் கிளாஸோட நின்னவ, இலக்கணமெல்லாம் தெரியாது. ஆனா நாலு பெத்த மெக்சிகோக்காரிக்கு, ஸ்பானிஷ்ல ஒண்ணைச் செய்யாதேன்னு சொல்லவா தெரியாது?

நீ பேசுறேன்னா ஆப்லாஸ். பேசாதேன்னா நோ ஆப்லேஸ். ஆ வந்த எடத்துல ஏ. சாப்பிடுறே, அது கோமேஸ். அதுக்குத் தலைகீழ், நோ கோமாஸ். சட்டையைத் திருப்பிப் போடுற மாதிரிதான்.

யாரு, அந்தப் போட்டோவா? எம் மூத்தவன் இசித்ரோ. நீ ஸ்பானிஷ் படிக்க இங்க வந்து தங்கினதுலேருந்து படுக்கிறது அவன் கட்டில்தான். அமெரிக்கா போய் பதினோரு வருஷம். கடுதாசி இல்ல, போன் இல்ல. அந்தப் பக்கத்துலேருந்து யார் வந்தாலும் போட்டோவைத் தூக்கிக்கிட்டு ஓடுவேன். பார்த்தேன்னு ஒருத்தரும் சொல்லல.

சின்னதுல அவனுக்கு நாள் பூரா இந்தப் பாடந்தான். ஓடாத, நோ கோர்ராஸ். ஏறாத, நோ சூபாஸ். கூரை மேல நின்னுக்கிட்டே, நான் ஏறலம்மா, இறங்கிக்கிட்டிருக்கேன்பான்.

கப்புல சாக்லேட் ஆறுது, ரொட்டியை முக்கிச் சாப்பிடு. அடுத்து என்ன போட்டிருக்கு?

திரும்பி வர்றதா.

அதுவும் அப்படித்தான். ரெக்ரேசாஸ், நோ ரெக்ரேசேஸ். ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கேன்.

அவங்கப்பா செத்து ஏழாம் நாளு. ஒம்பது நாள் ஜெபமாலை சொல்லி, தரையில போட்ட சுண்ணாம்புச் சிலுவையைக் கடைசி நாள்தான் அள்ளுவோம். அதுவரைக்கும் செத்தவரு வீட்டுலதான் இருப்பாரு. இவனைத் திருட்டுத்தனமா எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போற ஆளு ரெண்டு நாள் பொறுக்க மாட்டானாம். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, நெத்தியில சிலுவை போடும்மான்னு குனிஞ்சான். தாய் கை நெத்தியில படாம இங்க யாரும் வாசப்படி தாண்ட மாட்டாங்க. நான் கையைத் தூக்கல. அப்பனைப் பாதியில விட்டுட்டுப் போறியா, போ, திரும்பி வராதேன்னுட்டேன். குனிஞ்ச தலை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு.

மாதாகிட்ட வேண்டிக்காம இருப்பேனா? தெனமும் வேண்டுறேன், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன் தாயேன்னு. மாதா காதுல விழுந்து என்ன மகளே, அவன் காதுல விழணுமே.