இரவல் கேமராவில் இன்னொரு முகம்

வெள்ளம் இன்னும் இரண்டு படி ஏறியிருக்கிறது. இனிக் கீழே இறங்க முடியாது, தூக்கமும் வரப்போவதில்லை. அந்தக் கைவிளக்கை அணையுங்கள், பேட்டரி தீர்ந்தால் விடியும்வரை சுவரைத் தடவ வேண்டியதுதான். நெருங்கி உட்காருங்கள். பயப்படுகிறவர்கள் நடுவில்... இல்லை, நடுவில் வேண்டாம். ஏனென்று கதை கேட்டால் தெரியும்.

இது சந்தையில் என் பக்கத்துக் கடைக்காரியின் பெரியப்பா மகளுக்கு நடந்தது. பெயர் லுயென். புருவம் திருத்துவது, கல்யாணப் பெண்ணுக்கு முக அலங்காரம் செய்வது அவள் தொழில். வாய் கொஞ்சம் நீளம்.

விடியற்காலை நாலே முக்கால். காயலை ஒட்டிய மணல் பாதை. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் கல்லறைகள்... கண்ணுக்கெட்டிய தூரம் கல்லறைகள். வண்டி விளக்கு விழுந்த இடத்தில் மட்டும்தான் பாதை இருந்தது. லுயென் தனியாகப் போனாள். கழுத்தில் இரவல் கேமரா.

அவள் தங்கை ஹானுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு மணமக்கள் படம் வைக்க வேண்டுமே, அது பெண் வீட்டார் பொறுப்பு என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா?

"உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, நாங்க ஸ்டூடியோவுல ஏற்பாடு பண்ணிக்கறோம். போன்ல புடிச்சு, பொண்ணு மூஞ்சி சட்டியில ஒட்டுன தோசையாட்டம் வந்து நிக்கக்கூடாது."

"உங்க புள்ளையோட மூக்கு முடி வரைக்கும் எண்ணிப் பாக்கலாம் அத்தை, அப்படி எடுக்கறேன்" என்றாள் லுயென். ஹான் வெட்கத்தில் தலையில் அடித்துக்கொண்டாள்.

வாய் விட்டாயிற்று. கேமரா? துவான் அண்ணனிடம் போய் நின்றாள். ஊரில் பாதிக் கல்யாணங்களைப் படமெடுத்தவர், ஒரு வருஷமாகக் கேமராவைத் தொடவில்லை. அவர் மனைவி சுவோங் அவருக்கு வலக்கை. மணப்பெண் வருவதற்கு முன் படமெடுக்கும் இடத்தில் போய் நிற்பவள் சுவோங்தான். அவள் முகத்தை வைத்துத்தான் அவர் வெளிச்சம் பார்ப்பார். மணப்பெண் வந்ததும் நகர்ந்து, வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். எத்தனையோ கல்யாணங்களில் நின்றவள் ஒரு கல்யாணப் படத்திலும் இல்லை. போன வருஷம் இதே காயலில் காற்று அந்தத் தட்டைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டது. எடுக்க இறங்கினாள்... அவ்வளவுதான்.

லுயென் போய்க் கேட்ட அன்று சாயங்காலம் துவான் அண்ணன் கேமராவைத் துடைத்து அவள் கையில் வைத்தார்.

"இது மிரர்லெஸ். பழைய கேமரா மாதிரி இல்ல, பேட்டரிய சோறு மாதிரித் திங்கும். ரெண்டு பேட்டரி தரேன், திரைய எரியவிட்டு அழகு பாத்துட்டு நிக்காத. லென்ஸை முழுசாத் தொற. சூரியன் தலை நீட்டுன கொஞ்ச நேரந்தான் நல்ல வெளிச்சம். மூஞ்சியக் கண்டா கட்டம் போடும், கண்ணு தெரிஞ்சா சின்னக் கட்டம் போடும். உன் கண்ண நம்பாத, அத நம்பு."

"சரிண்ணா."

"உள்ள இருக்கறத எதையும் அழிச்சுடாத."

"அழிக்கற அளவுக்கு எனக்கு என்னண்ணா தெரியும்!"

அவர் சிரிக்கவில்லை.

காயலுக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தில் வண்டியை நிறுத்தினாள். ஹானும் மாப்பிள்ளை கியெமும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். நீள அங்கியோடு வண்டியில் வேகமாக வர முடியாதல்லவா? கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கட்டையில் மோதும் சத்தம்... சளக்... சளக்... மீன்வலையின் கவிச்சி.

கேமராவைக் கண்ணில் வைத்தாள். அந்த வகைக் கேமராவில் நாம் எதிரில் இருப்பதை நேராகப் பார்ப்பதில்லை. கேமரா தான் பார்த்ததை ஒரு குட்டித் திரையில் நமக்குக் காட்டும். அவளுக்குப் பாலம் தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது. பாலத்தின் நுனியில்... பிப்.

ஒரு கட்டம்.

கேமராவை இறக்கிப் பார்த்தாள். யாருமில்லை. ஏதோ கட்டையை முகமென்று எண்ணிவிட்டது போலும். மறுபடி வைத்தாள். பிப். கட்டம் இப்போது இரண்டடி இடப்பக்கம். அதற்குள் சின்னக் கட்டம், கண்ணுக்கு. அது மறைந்தது, வந்தது. மறைந்தது, வந்தது.

கண் இமைத்தால் அப்படித்தான் ஆகும்.

லுயெனின் முதுகுத்தண்டு சில்லிட்டது. காற்றில் பாசி நாற்றம், கூடவே ஈரத் தலைமுடியின் வாடை. கேமராவின் மெனுவைப் புரட்டினாள். தெரிந்த முகங்களைப் பதிந்துவைத்தால் கூட்டத்திலும் அவர்களையே முதலில் தேடும் வசதி அந்தக் கேமராவில் உண்டு. பதிந்திருந்தது ஒரே ஒரு முகம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும் சுவோங்.

வேறு யாராயிருந்தாலும் வண்டியைக் கூட எடுக்காமல் ஓடியிருப்பார்கள். நானென்றால் காயலையே நீந்திக் கடந்திருப்பேன். அவளுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் ஓடினால் வாசலில் ஸ்டூடியோ படம் நிற்கும். அதைக் காட்டிக் காட்டியே அந்த அம்மாள் ஹானை ஆயுசுக்கும் குத்துவார். அந்த நினைப்பில் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது.

"இங்க பாருங்க சுவோங் அக்கா" என்றாள் வெறும் பாலத்தைப் பார்த்து. "நான் போகப்போறதில்ல. வேலை பாக்க வந்திருந்தா வேலையப் பாருங்க. வெளிச்சம் எங்க நல்லா விழும், சொல்லுங்க."

கட்டம் மெல்ல நகர்ந்தது. மூன்றாவது தூணருகில் போய் நின்றது. பிப்.

கியெமின் வண்டி வந்தது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹான் இறங்கினாள். லுயென் இருவரையும் தூணருகில் நிறுத்தினாள். சரியாக அந்த நேரம் சூரியன் தலைகாட்ட, இருவர் முகத்திலும் பொன் பூசியது போல வெளிச்சம். அப்படி ஓர் இடம் அந்தப் பாலத்தில் வேறெங்கும் இல்லை. கேமராவை உயர்த்தினாள்.

பிப். பிப். பிப்.

மூன்று கட்டங்கள். கியெம், ஹான், ஹானுக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றில் ஒன்று.

மூன்று பேராகப் படமெடுக்கக் கூடாதென்று நமக்கெல்லாம் தெரியும். நடுவில் நிற்பவர்தான் முதலில் போவார். மூன்று பேர் சேர்ந்தால் தெருவில் போகிறவரையாவது பிடித்து நாலாவதாக நிறுத்துகிற ஊர் இது. இப்போது நடுவில் நிற்பது ஹான்.

"அக்கா, பொண்ணு வந்தாச்சு. நகருங்க" என்றாள் லுயென்.

"யாரச் சொல்ற?" என்றான் கியெம்.

"உங்களத்தான். ரெண்டு பேரும் எடம் மாறுங்க."

மாறினார்கள். கட்டமும் மாறியது, மறுபடி ஹானின் பக்கத்தில். தள்ளி நிற்கச் சொன்னாள். கூடவே வந்தது. முகம் தேடும் வசதியையே அணைத்துவிடலாமா என்று யோசித்தாள். அணைத்தால் கட்டம்தானே போகும், ஆள் போவாளா? எங்கே நிற்கிறாளென்று தெரிந்திருப்பதே மேல். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. பேட்டரி கடைசிக் கோட்டில் மினுக்கியது. மாற்று பேட்டரி வண்டிப் பெட்டியில்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவள் நகரமாட்டாள். எத்தனையோ கல்யாணங்களில் நகர்ந்தவள், இனி நகரமாட்டாள். சரி, நிற்கட்டும். ஆனால் எங்கே நிற்பது என்பதைக் கேமரா வைத்திருப்பவள்தான் சொல்வாள்.

"ஹான், கியெம், ரெண்டு பேரும் வெலகி நில்லுங்க. இன்னும். நடுவுல ஒரு ஆள் நிக்கற எடம் விடுங்க."

"கல்யாணப் படமா, விவாகரத்துப் படமா?" என்றான் கியெம்.

"வாய மூடிட்டு நில்லுங்க தம்பி." பிறகு குரலை உயர்த்தி, "அக்கா, நடுவுல வாங்க. நடுவுல நிக்கறவங்கதான மொதல்ல போவாங்க? நீங்கதான் போயாச்சே, இனிமே உங்களுக்கு என்ன ஆயிடப்போவுது? வந்து நில்லுங்க. என் தங்கச்சிய விடுங்க!"

ஹானும் கியெமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீரின் சத்தம் நின்றுபோனது. சளக் இல்லை... ஒன்றுமில்லை...

கட்டம் நகர்ந்தது. ஹானைத் தாண்டி, இருவருக்கும் நடுவே வந்து நின்றது. சின்னக் கட்டம் ஒருமுறை மறைந்து வந்தது. லுயென் அழுத்தினாள். ஒரே ஒரு படம். பேட்டரி செத்தது.

மாற்று பேட்டரி போட்டுப் பார்த்தபோது கட்டம் இல்லை. அதன் பிறகு நூறு படமாவது எடுத்திருப்பாள், வெளிச்சம் ஏறிப்போய் எல்லாம் சப்பென்று இருந்தன.

திரும்பும் வழியில் சிப்பிச் சோறு சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹான் மாப்பிள்ளையைச் சீண்டினாள்.

"என்ன அவ்ளோ பயமா? உங்க கை ஐஸ் மாதிரி சில்லுன்னு இருந்துச்சு."

"என் கையா? உன் கைதான் சில்லுன்னு இருந்துச்சு. விரலு மரத்துப்போச்சு. நான் விட்டாலும் நீ விடவே இல்லையே."

லுயென் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்த ஒரு படத்தைத் திறந்து பார்த்தாள். ஹானின் கை ஒரு பக்கம், கியெமின் கை மறுபக்கம், இரண்டும் நடுவை நோக்கி நீண்டு, எதையோ பற்றியதுபோல விரல்கள் மடங்கியிருந்தன. இரண்டு கைகளுக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் வெறும் காயல்.

அழித்தாளா? அவளா? அதையே ஆளுயரத்துக்கு அச்சடித்து மண்டப வாசலில் நிறுத்தினாள். மாப்பிள்ளையின் அம்மா கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளிப் போய்ப் பார்த்தார். "புது மாதிரியாத்தான் இருக்கு. மூஞ்சியெல்லாம் பளிச்சுன்னு இருக்கு" என்றார். அந்த அம்மாள் வாயில் அதற்கு மேல் வராது.

துவான் அண்ணனும் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை. நடுவிலிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லுயென் பக்கத்தில் போய் நின்றாள். அவள் கண்ணுக்குத் தண்ணீரும் வானமும்தான் தெரிந்தன.

"நல்லா எடுத்திருக்கம்மா" என்றார் மெதுவாக. "ஆனா... தலை இன்னும் ஈரமாவே இருக்கு பாரு."

லுயெனுக்கு உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. ஆனாலும் வாயை அடக்கினாளா?

"அடுத்த வாரம் இன்னொரு கல்யாணம் இருக்கு, கேமரா குடுங்கண்ணா. நான் துண்டு எடுத்துட்டுப் போறேன்."

இப்போது அவளிடம் சொந்தக் கேமரா இருக்கிறது. மழையோ வெயிலோ, பையில் காய்ந்த துண்டு ஒன்றை மடித்து வைத்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புகிறாள். போன இடத்தில் அதை அவள் வெளியே எடுப்பதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பிழிந்து காயப்போடுகிறாள்.