போய்ட்டு வரேன்னு சொல்லிடு

அடையாறிலிருந்து பட்டினப்பாக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். வீடொன்றில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இளையவள் திடீரென்று சொன்னாள்:

“இன்னிக்கு பாப்பாவாண்ட பொய் சொல்லிட்டேன்க்கா.”

“இன்னாடி பொய்?”

“நாளையிலேந்து வர வேணாம்னுட்டாங்க. பாப்பா என்கூடயே ஒட்டிக்கினு கீதாம், பெத்தவளாண்ட போமாட்டேங்குதாம்.”

“அத்த புள்ளையாண்ட சொன்னியா?”

“சொன்னா அழும், எப்பவும்போல போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு கெளம்புன்னாங்க. வேலைக்கு சேந்தப்போ இதே அம்மாதான், கொழந்தைகிட்ட பொய் மட்டும் சொல்லக்கூடாதுன்னாங்க.”

“அப்பால?”

“அப்டியேதான் சொன்னேன். வாசக் கேட்டாண்ட ஓடியாந்து, நாளைக்கு எந்தப் பொடவ கட்டிக்கினு வருவேன்னு கேட்டுச்சுக்கா.”

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள். இளையவள் சொன்னாள்:

“அதுக்குப் புடிச்ச மஞ்சப் பொடவன்னு சொன்னேன்.”