ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மருந்தைத் தவறாமல் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அக்காவின் எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை. ஞாயிறு காலை ஆறரை மணி. இரண்டு வருடத்தில் ஒரு வாரம்கூட நான் விட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் அடித்த அன்றும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மாதாமாதம் நீங்கள் போனில் விசாரிப்பீர்கள். உங்கள் நோயாளிகளிலேயே எங்கள் அட்டையில்தான் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது என்று பாராட்டினீர்கள். இன்று வீடு தேடி வந்து, அதே அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டும் எலும்பு ஏன் இப்படி ஆனது என்று கேட்கிறீர்கள், நர்ஸம்மா. கேட்பது நியாயம்தான்.

நான் அவளைத் தள்ளிவிடவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா கணவரை இழந்து இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. என் கல்யாணப் பேச்சு அதற்கு முன்பே அடங்கியிருந்தது. அவள் நூலகத்து வேலைக்குப் போவாள், நான் மருந்துக்கடை வேலைக்குப் போவேன். இருபது வருடம். ஒரே குக்கர், ஒரே டிவி, யார் முதலில் குளிப்பது என்று தினம் ஒரு சண்டை. என் ஆயுசுக்கு இது போதும் என்று இருந்தேன். அவளுக்கும் போதும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. மாத்திரை ஆரம்பித்தது அப்போதுதான். கைக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில், தோள்பட்டை வலிக்கு வந்த ஒரு பஸ் டிரைவரோடு பழக்கமாயிற்று. ரிட்டயர் ஆனவர், மனைவி இல்லாதவர். ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இரண்டு பேரும் என்னதான் பேசினார்களோ. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"நான் ரிட்டயர் ஆனதும் அவர் வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். பதிவுத் திருமணம்தான். நீ என்ன சொல்றே?"

"உன் இஷ்டம்க்கா," என்றேன்.

எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன். அவர் வீடு எங்கே என்று கேட்டேன். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்றாள். "தினம் ஏறி இறங்கினா உடம்புக்கு நல்லதுதானே," என்று சிரித்தாள்.

அந்த வாரம் இதே மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மா, காபியோடு போட்டுக்கொள்கிறேன் என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "வெறும் வயித்துல, வெறும் தண்ணியிலதாம்மா போடணும். பாலு, கால்சியம் எது சேர்ந்தாலும் உடம்புல ஒட்டவே ஒட்டாது. சாக்கடையில போடறதும் ஒண்ணு, நீங்க போடறதும் ஒண்ணு." பாவம், அவருக்கு முகம் சுண்டிவிட்டது. கடையில் நின்று இதை நான் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு அக்காவுக்கு மாத்திரையை ஒரு டம்ளர் பாலோடு கொடுத்தேன். கூடவே கால்சியம் மாத்திரையும்.

"இத்தனை நாள் தண்ணியிலதானே கொடுத்தே?"

"இது புது கம்பெனி மாத்திரைக்கா. தண்ணியில போட்டா வயித்தைப் புண்ணாக்கிடும்."

"உனக்குத் தெரியாததா," என்று குடித்துவிட்டாள்.

டாக்டரிடம் கூடப் போவது நான். மாத்திரை டப்பாவுக்குள் இருக்கும் குறிப்புக் காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போடுவதும் நான். ஆனால் விஷம் கொடுக்கவில்லை. பாலும் கால்சியமும் யாருக்காவது கெடுதலா? அவள் சாக வேண்டும் என்று ஒரு நொடிகூட நினைத்தது கிடையாது. படி ஏற முடியாமல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ரிட்டயர் ஆன பத்தொன்பதாம் நாள், துணிகளை அடுக்குவதற்காக அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் திரும்பினாள். விழுந்து இடுப்பு முறியவில்லை, முறிந்ததால்தான் விழுந்தாள் என்று உங்கள் டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் இதே மாத்திரை. எப்படிப் போடுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள் போல. நான் பழம் வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால், அவள் சொன்னது சரி. தெரிந்தேதான் செய்தேன், வாராவாரம்.

டிரைவர் தினமும் சாயங்காலம் வருகிறார். தூங்குகிறாள் என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறேன். அவள் கட்டிலிலிருந்து அவரைக் கூப்பிடுவாள். அந்த நேரம் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன். அவள் போனுக்கு நான்தான் சார்ஜ் போட வேண்டும், போடுவதில்லை.

இனி ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. காலையில் துடைத்துவிடுகிறேன், தலை வாரிவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்லுகிறாள். என்னோடு பேசாவிட்டால் என்ன, வீட்டில்தானே இருக்கிறாள்.