உப்புத்தண்ணி விட்ட மச்சான்

— அத்தான், முதல் கோடாலியைக் கீழ வையுங்கோ. பிறகு கதவைத் திறக்கிறன்.

— நீ திறக்கத் தேவையில்லை, வின்சன்ற். நானே கதவைப் பிளப்பன். பிறகு உன்னை. விளங்குதோ?

— ஒரு மனிசன் கோழிக்கொட்டிலுக்குள்ள சாகிறதே? கடவுளாணை, இந்த ரூஜ் ஊர்ச் சனம் முழுக்கச் சிரிக்கும்.

— என்ர ரெண்டு பேடும் உதுக்குள்ளதான் செத்ததுகள். உனக்கென்ன பெரிய எடுப்பு?

— நீங்கள் சொன்னதைத்தானே செய்தனான்.

— நான் என்ன சொன்னனான்?

— உப்புத்தண்ணிப் போத்திலைக் கோழிச் சட்டிக்குள்ள விடு எண்டு.

— ஓம். மூடின போத்தில். அது மிதந்து ஆடிக்கொண்டிருந்தால் சட்டித் தண்ணி லேசில உறையாது. விடு எண்டால் மிதக்க விடு.

— கறிக்குப் பால் விடு எண்டால் அக்கா பால் போத்திலையே மிதக்க விடுறவ? ஊத்திறவ. நானும் மூடியைத் திறந்து ஊத்தினன். கடவுளாணை, தண்ணி உறையேல்லைத்தானே.

— தண்ணி உறையேல்லை. அதைக் குடிச்ச கோழிதான் விறைச்சுக் கிடந்தது.

— ஒரு வயரை இழுத்து ஹீட்டர் போட்டிருந்தால் இந்தக் கொலை நடந்திராது.

— போன வருசம் சூட்டுக்கு லாம்ப் போட்டுத்தான் பழைய கொட்டில் எரிஞ்சது. இனிக் கொட்டிலுக்குக் கறன்ற் இழுத்தால் என்னையும் சேத்துக் கொளுத்துவன் எண்டு உன்ர அக்கா சொல்லிப்போட்டா. வெளிய வா.

— வாறன். ஆனால் இப்ப என்ர கையில உங்கட செல்லக் கோழி கறுப்பி இருக்கிறா. அவவின்ர கழுத்தும் இருக்கு.

— மச்சான், கறுப்பியை விடு.

— எந்த விடு?

— கீழ விடடா.

— ஐயோ, பலகை வெடிச்சு, கோடாலி காதுக்குப் பக்கத்தால வந்திட்டுது அத்தான்.

— காதுக்குத்தான் போட்டனான். தவறிட்டுது.

— முன்னம் சினோ அள்ளுற சவளால மூக்கில அடிச்ச ரத்தமே இன்னும் நிக்கேல்லை.

— கோழியளுக்கு மேல சிந்தாதை. ரத்தத்தைக் கண்டால் கொத்தத் தொடங்கிடுங்கள்.

— தொடங்கிட்டுதுகள்.

— எதை?

— மூக்கை.

— நல்ல வளர்ப்பு. விளங்குதோ?

— அத்தான், இந்தக் குளிருக்குள்ள நீங்கள் சாரத்தோட நிக்கிறியள். கோடாலி நடுங்கிற சத்தம் இஞ்ச கேக்குது. போய் ஒரு ஜக்கெற்றையாவது போட்டுக்கொண்டு வந்து வெட்டுங்கோ.

— உள்ள மட்டும் குளிரில்லையோ?

— நான் ஜக்கெற்றைக் கழட்டி எவ்வளவு நேரம். நானும் கோழியளும் நெருங்கி இருக்கிற சூட்டில யன்னல் கண்ணாடியெல்லாம் வேர்க்குது.

— அப்ப சட்டித் தண்ணி?

— எந்தத் தண்ணி?

— நான் காலமை மாத்தி வைச்ச நல்ல தண்ணி. உறைஞ்சிட்டுதோ?

— நான் ஓடி வரேக்க மேல ஐஸ் பிடிச்சுத்தான் கிடந்தது. பக்கத்தில குந்தினாப்பிறகு கரைஞ்சு போச்சு. கறுப்பி குடிக்கிறா.

— வடிவாப் பார். கரையிலயும் ஐஸ் இல்லையோ?

— கடவுளாணை, ஒரு துண்டும் இல்லை. என்ன அத்தான், கீழ ஏதோ இரும்புச் சத்தம் கேட்டுது? கோடாலியை வைச்சிட்டியளோ?

— வைச்சிட்டன்.

— அப்ப மன்னிச்சிட்டியள்.

— ஓம், மச்சான். முழுக்க.

— பிறகேன் வெளியால ஆணி அடிக்கிறியள்?

— சோறு உன்ர அக்காட்டைக் குடுத்துவிடுறன். ஏப்ரல்ல குளிர் விடுற வரைக்கும் அந்தச் சட்டியை விட்டு ஒரு அடியும் அரக்காதை. விளங்குதோ?