முதல் சுற்றுக்கு அட்வான்ஸ் மொட்டை

— ...மறந்தும் வீட்டில் இருந்துவிடாதீர்கள்! இன்று மாலை நாலு மணிக்கு, ஸ்கூல் கிரவுண்டிலே, மாவட்டக் கோப்பை முதல் சுற்று! மூன்றாவது டிவிஷன் சிங்கங்கள், நம்ம தணிகை தறி எஃப்.சி.! எதிர்த்து நிற்பதோ, நாலாவது டிவிஷன் நாயகர்கள், திருவாலங்காடு கரும்பு லெவன்! அனுமதி இலவசம், ஆரவாரம் அவசியம்!

— டேய் தணிகைமணி, ரோட்டைப் பாத்து ஓட்டுடா! ஒரு கையில ஆட்டோ, ஒரு கையில மைக்கு. எதுத்தாப்புல திருப்பதி பஸ்ஸு வருது பாரு.

— வரட்டும் தேவகிக்கா. அவனும் மேட்ச் எப்பன்னு தெரிஞ்சிகினு போவட்டும். பெருமக்களே! என் பின்சீட்டில் ஜெர்சி மூட்டையோடு வீற்றிருப்பவர் யார் தெரியுமா? தணிகை அணியின் மேனேஜர், அருமை அக்கா தேவகி அவர்கள்! அக்கா, உங்கள் அணியின் பலம் என்ன?

— ஐயோ, என் மூஞ்சிக்கு நேரா எதுக்குடா நீட்டற? ம்... எங்க பலம் காலுதாங்க. நாளெல்லாம் பவர்லூமாண்ட நின்னுகினே வேலை செய்யற காலு. ஒண்ணரை மணி நேரம் ஓடறதெல்லாம் அதுக்கு ஜுஜுபி.

— ஆகா! கோல் கீப்பர் கௌதமன் பற்றி?

— தங்கமான புள்ள. பந்து வந்தா பாய்வான். பந்து வரலன்னாலும் பாய்வான்.

— தோள் வரை முடி, மார்பு வரை தாடி! பார்த்தாலே எதிரிக்குப் பந்து கால்ல நிக்காது! கேப்டன் ஆகாஷ்?

— எடது காலால அடிச்சா கோலு. வலது காலால அடிச்சா பக்கத்து வயலு. அதனால எல்லாரும் அவன் எடது காலுக்கே பந்தைக் குடுங்கடான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— எதிரணியைப் பற்றி பயமுண்டா?

— அவங்க டிஃபென்ஸ்ல நாலு பேரும் கரும்பு லோடு ஏத்தறவனுங்க. மோதினா நம்ம பசங்க அரக்கோணத்துலதான் போய் வுழுவாங்க. ஆனா ஒண்ணு, அவனுங்க திரும்பறதுக்கு லாரி திரும்பற நேரம் ஆவும். நாங்க முதுகு பக்கமா பூந்து போயிடுவோம்.

— உங்கள் கணிப்பு?

— மூணுக்கு ஒண்ணு. நமக்கு மூணு. அந்த ஒண்ணு கூட கௌதமன் தேவையில்லாம பாயறதால.

— கேட்டீர்களா மக்களே! நாலு மணி, நாலு மணி, நாலு மணி! ...அப்பாடா. அக்கா, கே.ஜி.கண்டிகை பஜார் வந்துட்ச்சு. மைக்கை இப்டி மாட்டிட்டு ஒரு டீ அடிக்கலாம். அண்ணே, ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி!

— சக்கரை தூக்கலா போடச் சொல்லுடா. காலைலருந்து பயத்துல ஒரு இட்லி கூட துன்னல நான்.

— இப்பதான மூணுக்கு ஒண்ணுன்னு அடிச்சு வுட்டீங்க?

— மைக்குல வேற இன்னாத்த சொல்றது? ஆறு வருஷமா மொத ரவுண்டுலயே பொட்டி கட்டிகினு வரோம். இந்த வாட்டி பாவா முடிவா சொல்லிட்டாருடா.

— உங்க அக்கா வீட்டுக்காரரு, சின்னசாமி மொதலாளியா? இன்னா சொன்னாரு?

— "இன்னிக்கும் தோத்தீங்கன்னா பந்தைத் தூக்கி பரண்ல போடு தேவகி. சனிக்கெழம ஒருத்தனுக்கும் லீவு கெடையாது, எல்லாரும் தறிக்கு வரணும்"னுட்டாரு. அவர் மேலயும் தப்பில்ல. எங்களால பாதி தறி நின்னு போவுது. ஆனா மணி, இந்த டீமு போயிட்ச்சுன்னா எனக்கு இன்னாடா இருக்குது? வாரம் பூரா அந்த தறி சத்தத்துல என் கொரலே எனக்குக் கேக்காது. கிரவுண்டுல போய் நின்னு "அடிடா ஆகாஷ்"னு கத்தறப்பதான், ஆங், நான் உயிரோட கீறேன்னு தோணும்.

— அழாதக்கா. டீ ஆறிப் போவுது.

— யாருடா அழுவறது? பொகை. ...இரு, போன் அடிக்குது. ஆகாஷ்தான். ஸ்பீக்கர்ல போடறேன். இன்னாடா கேப்டன், எங்கடா கீறீங்க எல்லாரும்?

— அக்கா! மலை மேல கீறோம்க்கா! உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸு. செம்ம சர்ப்ரைஸு!

— மேட்ச் அன்னிக்கு சர்ப்ரைஸ்லாம் வேணாண்டா எனக்கு.

— மொட்டை போட்டுகினோம்க்கா! டீமு மொத்தமும்! சப்ஸ்டிட்யூட் உட்பட! தலை பூரா சந்தனம், செம்ம ஜில்லுன்னு கீது!

— ஜெயிச்சாதானடா மொட்டை?

— போன வருஷமும் ஜெயிச்சா தரோம்னுதான் வேண்டிகினோம். முந்தின வருஷமும் அதேதான். முருகன் கண்டுக்கவே இல்ல. அதான் இந்த வாட்டி மொதல்லயே குடுத்துட்டோம். வாங்கிகினாருல்ல, இனிமே அவரு பாடு!

— அட என் ராசா! முருகனையே கடங்காரனா ஆக்கிட்டீங்களேடா! கௌதமனுமா?

— முடி, தாடி, மீசை, எல்லாம்! உள்ளருந்து வேற எவனோ வந்துட்டான்க்கா. கன்னத்துல குழி வுழுது! அவங்கம்மா பிரசாதம் எடுத்துகினு வந்தாங்க, எதுக்க நிக்கறவனையே "தம்பி, கௌதமனைப் பாத்தியா"ன்னு கேட்டாங்க. செம்ம சிரிப்பு!

— ஹஹ்ஹா! சரி சரி, மோர் வாங்கிக் குடிச்சிட்டு நேரா கிரவுண்டுக்கு வாங்க. வெச்சிடறேன். டேய் மணி, கேட்டியா? எவ்ளோ மனசுடா என் பசங்களுக்கு! நீ ஏண்டா மூஞ்சிய இப்டி வெச்சிகினு கீற?

— அக்கா... அந்தப் பையில பிளேயர் கார்டெல்லாம் கீதுல்ல?

— ஆங், கீது.

— அதுல போட்டோ?

— போட்டோ இல்லாம கார்டா? இதோ பாரு, ஆகாஷு, அழகா கோடு எடுத்து சீவிகினு... கௌதமன், சாமியார் மாதிரி... ஐயோ.

— ரெஃப்ரி யாரு தெரியும்ல?

— ஐயையோ.

— அரக்கோணம் சுசித்ரா மேடம். போன சீசன்ல ஒரு டீமையே திருப்பி அனுப்பினாங்களே. போட்டோல மீசை கீது, ஆளுக்கு மீசை இல்லன்னு.

— யம்மாடி! மீசைக்கே அந்த கதின்னா... பெத்த தாயாலயே கண்டுபுடிக்க முடியலயாம், அந்த மேடத்துக்கு நான் எப்டிடா புரிய வெப்பேன்? ஆடாமலே தோத்துடுவோமேடா! பந்து ஒரு தடவ கூட உருளாம, மயிரு போனதுக்கு டீமு போவுதே!

— இருக்கா, இரு. யோசிப்போம். நம்ம ரெண்டு பேரத் தவிர இது வெளிய தெரியாம பாத்துகினா...

— இன்னாமா தேவகி, சவுக்கியமா?

— யாரு... கரும்பு லெவன் மேனேஜரு சுப்பண்ணனா? நீங்க எங்க இந்த பக்கம்?

— எங்க வேனு பஞ்சரும்மா. எதுத்த கடையில குந்திகினு போண்டா துன்னுகினு இருந்தேன். பாவம்மா நீ. ஆறு வருஷமா மொத ரவுண்டுலயே போறியாமே. கௌதமனுக்குக் கன்னத்துல குழி வேற வுழுதாமே.

— உங்களுக்கு எப்டிண்ணா தெரியும்?

— எனக்கு மட்டுமா? பஜார் பூரா தெரியும். அந்த வளையல் கடைப் பொம்பளைங்க கூட நீ அழுதப்ப கண்ணத் தொடச்சாங்க. தம்பி, அந்த மைக்கை ஆஃப் பண்ணலாமே.

— டேய் மணி!

— அக்கா, அக்கா, அடிக்காத! சுவிட்சு லூஸுக்கா! ...இப்ப ஆஃப் பண்ணிட்டேன். சத்தியமா.

— அண்ணா, சுப்பண்ணா. எத்தினி வருஷமா எங்க பசங்களப் பாக்கறீங்க? முடி இல்லன்னா தெரியாதா உங்களுக்கு? நீங்க ஒண்ணும் கேக்கலன்னா ரெஃப்ரியும் வுட்டுடுவாங்க.

— தெரியும்மா. தெரிஞ்சதாலதான் பயம். அந்த ஆகாஷ் பையன் எடது காலு... எங்களுக்கும் இந்த மேட்ச்சு வேணும்மா. நாலாவது டிவிஷன்லருந்து ரெண்டாவது ரவுண்டு போனா ஊர்ல பேனர் வெப்பாங்க. போட்டோ ஒத்துப் போவலன்னா நான் கண்டிப்பா சொல்லுவேன். ரூலு ரூலுதான். கோச்சுக்காத.

— கோச்சுக்கல. ரூலுன்னா எல்லாருக்கும்தான? மணி, என் போனக் குடு. ...ஹலோ, பரந்தாமா? நீதான இன்னிக்கு கிரவுண்டு கேட்ல கீற? நல்லா கேட்டுக்க. பிளேயரோ எவரோ, கார்டுல இருக்கற மூஞ்சியும் நேர்ல இருக்கற மூஞ்சியும் ஒத்துப் போனாதான் உள்ள வுடற. ஒடம்புல வெய்ட் போட்டவன், மீசை வெச்சவன், பல்லு வுழுந்தவன், எவனா இருந்தாலும் வெளிய நிக்க வை. யாரு சிபாரிசும் கேக்காத. ...ஆங். வெச்சிடறேன். போதுமாண்ணா?

— ஐயோ, டிஃபென்ஸ்ல நிக்கற எங்க ஸ்டாப்பர் போட்டோ பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப எடுத்ததாச்சே!

— வெளிய நிக்கட்டும். எங்க பசங்களுக்குத் தொணை வேணாமா?

— அக்கா, எனக்கு ஒரு ஐடியா! நம்ம கூத்து வாத்தியார் கிட்ட டோப்பா கேக்கலாம்!

— எத்தினி கீதுடா அவரு கிட்ட?

— துரியோதனன் டோப்பா ரெண்டு, கிருஷ்ணன் ஒண்ணு, திரௌபதி ஒண்ணு.

— திரௌபதிய யாருடா போட்டுகினு கோல்ல நிப்பான்?

— கௌதமன்தான்க்கா. அவனுக்குத்தான் நீளம் ஒத்துப் போவும்.

— ஹஹ்ஹா... தேவகி, போதும்மா, போண்டா பொரை ஏறுது எனக்கு!

— சிரிங்கண்ணா, நல்லா சிரிங்க. எனக்கும் சிரிப்புதான் வருது, இன்னா பண்றது! ஒருத்தன் பந்துக்குப் பாய்வான், டோப்பா வேற பக்கம் பாயும், எதைப் புடிக்கறதுன்னு தெரியாம... ஐயோ முருகா! உனக்குக் குடுத்தது போதலையா, என் மானமும் வேணுமா?

— அக்கா, போன் அடிக்குது. புது நம்பரு.

— ஸ்பீக்கர்ல போடு. ஹலோ? யாருங்க?

— ஹலோ, தணிகை டீம் மேனேஜருங்களா? நான் கிரவுண்டு கேட்லருந்து பேசறேங்க. உங்க ஆளு பரந்தாமன் என்னை உள்ள வுடவே மாட்டேங்கறாரு. கார்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு, "இந்த மூஞ்சி அந்த மூஞ்சி இல்ல, மேனேஜர் ஆர்டரு"ன்னு சொல்றாரு.

— நீங்க எந்த டீமும்மா? பொம்பளைங்களுக்கு கார்டு எதுக்கு, சும்மா வந்து மேட்ச்சு பாக்கலாமே?

— டீமெல்லாம் இல்லிங்க. பரீட்சை பாஸானா முடி தரேன்னு முருகனுக்கு வேண்டிகினு இருந்தேன், இன்னிக்குதான் மலைக்குப் போய் குடுத்துட்டு நேரா இங்க வந்தேன். கார்டு போட்டோல எனக்கு இடுப்பு வரைக்கும் ஜடை. நான் அரக்கோணம் சுசித்ரா, உங்க மேட்ச்சுக்கு ரெஃப்ரி. நீங்களாவது கொஞ்சம் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கம்மா, தலையில முடி இல்லன்னா ஆளே வேற ஆயிடுவாங்களா?